ரவை டின்னுக்குள் ஒரு சிவப்பு நூல்

டீச்சர்,

ரவை கருகிவிட்டது.

நாலு வருடத்தில் இதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அடுப்பில் தாச்சியை வைத்து, மெல்லிய நெருப்பில், கையெடுக்காமல் கிண்டிக் கிண்டி, நிறம் மாறுவதற்குச் சற்று முன்னால் இறக்கிவிடுவேன். இந்த வேலையில் என்னை மிஞ்ச ஃபாரஸ்ட் கேட்டிலேயே ஆள் இல்லை. லண்டனிலேயே இல்லை என்றுதான் எழுத வந்தேன். உங்களுக்கு எழுதுகிற கடிதம் என்பதால் ஃபாரஸ்ட் கேட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. நம்முடைய சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து அதிபர்.

"அண்ணை, நாளைக்குப் பெற்றார் கூட்டம் இருக்கு. வானைக் கொஞ்சம் வெள்ளனக் கொண்டு வாங்கோ. அதோட இன்னொண்டு. அந்த மலேசியா டீச்சர் மோசம் போயிட்டாவாம், செத்த வீடும் முடிஞ்சுதாம்."

"ஆர்?"

"முந்திச் சின்ன வகுப்பு எடுத்தவ, ஸ்ட்ரெதத்திலை இருந்து வாறவ. இரண்டு மாசமாச்சாம். எனக்கே இண்டைக்குத்தான் தெரியும்."

இரண்டு மாதம். அதற்குள் எட்டு வெள்ளிக்கிழமை, எட்டு முறை நான் ரவை வறுத்திருக்கிறேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மனுசி மேல்மாடியில் இருந்து, "என்ன மணம் இது? தாச்சியைப் பாருங்கோ!" என்று கத்திக்கொண்டு இறங்கி ஓடி வந்தாள். பார்த்தால் ரவை கோப்பித்தூள் போலக் கிடக்கிறது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கருகல் மணம் இன்னும் திரைச்சீலையை விட்டுப் போகவில்லை. அதற்குள் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

உங்களை முதன்முதல் கண்ட நாளை நான் பலருக்குப் பல விதமாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது நடந்தபடியே சொல்கிறேன். பிழை விட்டால் திருத்த நீங்கள் இல்லை, ஆகவே கூடுதல் கவனமாக.

ஃபாரஸ்ட் கேட் தெருக்களில் ஏழு பிள்ளைகளை வானில் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குப் பள்ளிக்கூடத்தில் இறக்குவேன். அது ஈஸ்ட் ஹாம் பக்கத்தில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். சனிக்கிழமைகளில் மட்டும் நமக்கு வாடகைக்கு. பத்து மணி தொடக்கம் பன்னிரண்டரை வரை வகுப்பு நடக்கும். வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் வானை நிறுத்திய இடம் போய்விடும் என்று நடைபாதையில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு, பிள்ளைகளை விட வருகிற பெற்றாருக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பேன். அன்றைக்கு நான் ஊரில் வாத்தியாராக இருந்த கதை ஓடிக்கொண்டிருந்தது.

நீங்கள் அப்போதுதான் மூன்று ரயில் மாறி மூச்சிரைக்க வந்தீர்கள். கக்கத்தில் ஒரு பெரிய பிஸ்கட் டின். நின்று கேட்டீர்கள்.

"நீங்க வாத்தியாரா இருந்தீங்களாண்ணே?"

"ஓம் டீச்சர். ஊரிலை இருநூறு பிள்ளையளுக்கு எழுத்துப் பழக்கினனான்."

முந்நூறு என்று சொல்லத்தான் வாய் உன்னியது. உங்கள் முகத்தைப் பார்த்து நூறைக் குறைத்தேன்.

"நல்லதாப் போச்சு. எனக்கு இருபது பிள்ளைங்க, ரெண்டு கைதான் இருக்கு. வாங்க, வந்து பென்சில் சீவிக் கொடுங்க."

இருநூறு பிள்ளைகளைப் படிப்பித்த மனிதனுக்கு நீங்கள் கொடுத்த வேலை பென்சில் சீவுவது. அந்த நேரமே உங்களுக்கு விளங்கிவிட்டது என்று இப்போது தெரிகிறது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசித் தவணைக்குப் போகவில்லை. பிறகு ஜெர்மனியில் பதினாலு வருடம் ஓர் ஓட்டல் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தேன். அந்த ஊர் மேயர் வந்து என் கையைக் குலுக்கினார் என்று நான் சொல்வது முழுப் பொய் இல்லை. குலுக்கினார். ஆனால் அன்றைக்கு அவர் வாசலில் நின்ற எல்லாருடைய கையையும் குலுக்கினார்.

உங்கள் வகுப்புக்குள் வந்ததும் எனக்கு முதலில் பட்டது மணம். வறுத்த ரவையின் மணம். இருபது தட்டுகளில் ரவையைப் பரப்பி வைப்பீர்கள். பென்சிலைத் தொடுவதற்கு முதல் ஒவ்வொரு பிள்ளையும் விரலால் ரவையில் எழுத வேண்டும். பிழைத்தால் தட்டை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், பிழை போய்விடும். "அழிக்கிற ரப்பர் கண்ணுக்குத் தெரியுற வரைக்கும் பிள்ளை பயந்து பயந்துதான் எழுதும்ணே" என்று சொல்வீர்கள். பச்சை ரவை விரலில் ஒட்டும், பூச்சியும் வரும் என்று ஒவ்வொரு கிழமையும் வீட்டுக்குக் கொண்டு போய் வறுத்துக்கொண்டு வருவீர்கள். பாதி ரவை பிள்ளைகளின் வாய்க்குள் போகும். 'அ' எழுதுவார்கள், நக்குவார்கள், 'ஆ' எழுதுவார்கள், நக்குவார்கள். துப்புரவு செய்கிற மனிதன் நிலத்தைப் பார்த்துவிட்டு நம்மைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே!

நான் முதல் நாளே ஒரு சின்னவனின் கையைப் பிடித்து 'இ' போட வைத்தேன். வளைவு அச்சுப் போல வந்தது. பெருமையோடு உங்களைப் பார்த்தேன். நீங்கள் கிட்ட வந்து காதுக்குள் சொன்னீர்கள்:

"கையைப் பிடிக்காதீங்கண்ணே. பேப்பரைப் பிடிங்க."

"கையைப் பிடிச்சால்தானே வடிவா வரும்?"

"வரும். ஆனா அது உங்க எழுத்து. அவன் எழுத்து எப்ப வர்றது?"

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் நான் பேப்பர் பிடித்தேன். சின்னப் பிள்ளைக்கு ஒரு கையால் எழுதும்போது மற்றக் கையால் தாளை அமத்தத் தெரியாது. தாள் சுழலும், எழுத்தும் சேர்ந்து சுழலும். இரண்டு விரலை மூலையில் வைத்தால் போதும். இருபது மேசைக்கும் நடந்து நடந்து இரண்டு விரல். பிள்ளைகள் "வான் மாமா, பேப்பர்!" என்று கூப்பிடுவார்கள். ஜெர்மன் மேயர் கை தந்தபோதுகூட எனக்கு அப்படி ஒரு மிதப்பு வரவில்லை.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். பிள்ளைகள் மேலே எழுதிப் பழகுவதற்கு நீங்கள் புள்ளி புள்ளியாக எழுத்து வைத்துத் தாள் செய்வீர்கள். ஒவ்வொரு கிழமையும் அதில் ஒரு பிரதி என்னிடம் தருவீர்கள். "வீட்டுல நீங்க ஒருதரம் எழுதிப் பார்த்துட்டு, புள்ளியெல்லாம் சரியான இடத்துல இருக்கான்னு சொல்லுங்கண்ணே. நீங்க அனுபவசாலி." நானும் பெரிய பரிசோதகர் போல வாங்கிப் போய், குசினி மேசையில் இருந்து, 'ங'விலும் 'ஞ'விலும் 'ணை'யிலும் புள்ளி புள்ளியாகப் போய் வருவேன். திங்கட்கிழமை போன் பண்ணி, "டீச்சர், எல்லாம் சரி, ஒரு புள்ளி மட்டும் கொஞ்சம் விலத்தி இருக்கு" என்று அறிக்கை சொல்வேன். "நல்லவேளை சொன்னீங்க" என்பீர்கள். இந்தக் கடிதத்தை நான் ஒருவருடைய உதவியும் இல்லாமல் எழுதுகிறேன் டீச்சர். அந்தத் தாள்கள் ஆருக்காகச் செய்யப்பட்டவை என்பது எனக்கு விளங்கக் கனகாலம் எடுத்தது.

நடைபாதையில் உங்களைப் பற்றிக் கதைப்பார்கள். நீங்கள் காது கேளாதவர் போலக் கடந்து போவீர்கள். ஒருநாள் ஒரு தாய் நேரேயே கேட்டுவிட்டாள். "டீச்சர், பிள்ளை வீட்டை வந்து 'ஆமா' எண்டுது. எங்கட ஆக்கள் 'ஓம்' எண்டுதான் சொல்லுறது."

நீங்கள் சிரித்தீர்கள். "ஓமும் எழுதச் சொல்லித் தர்றேன், ஆமாவும் எழுதச் சொல்லித் தர்றேன். ரெண்டுக்கும் ஒரே பென்சில்தாங்க."

நான் அதைக் கேட்டு வாய் விட்டுச் சிரித்தேன். ஆனால் நீங்கள் போன பிறகு அந்தத் தாய், "மலேசியாக்காரிக்கு எங்கட முறை என்ன தெரியும்?" என்றபோது ஒன்றும் சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் வாய் திறக்கிற ஆள் நான். உங்களுக்காகத் திறக்க வேண்டிய இடங்களில் எல்லாம் என் வாய்க்குள் தேத்தண்ணி இருந்தது.

ஆரணி வந்து சேர்ந்தது அடுத்த வருடக் கோடையில். ஐந்து வயது. தாய் தகப்பன் சுவிஸில் இருந்து வந்து ஃபாரஸ்ட் கேட்டில் வீடு எடுத்திருந்தார்கள். மஞ்சள் மழைக்கோட்டு. என் வானில் எனக்குப் பின் சீட்டு. வழி நெடுகப் பாடிக்கொண்டு வருவாள், மூன்று பாஷையைக் கலந்து. முதல் நாள் ரவைத் தட்டில் அவள் நீட்டியது இடக்கை விரல்.

நான் மெதுவாக மற்றக் கையை எடுத்து வைக்கப் போனேன். நீங்கள் தடுத்தீர்கள்.

"விடுங்கண்ணே. எந்தக் கைன்னு அவளுக்குத் தெரியும். நீங்க பேப்பரை மட்டும் மத்தப் பக்கமாச் சரிச்சுப் பிடிங்க. தாளோட தலை வலது பக்கம் சாயணும். அப்பத்தான் எழுதுனதை அவ கையே மறைக்காது."

சரித்துப் பிடித்தேன். அவளும் எழுதினாள். எல்லாரையும் விட வடிவாக.

பிறகு விஜயதசமி வந்தது. பள்ளிக்கூடத்து மண்டபத்தில் ஏடு தொடக்கல். தாம்பாளத்தில் பச்சையரிசி பரப்பி, சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து எல்லாருக்கும் முன்னால் 'அ' எழுத வேண்டும். மூன்று கிழமைக்கு முதலே நடைபாதையில் தொடங்கிவிட்டார்கள்.

"அந்தச் சுவிஸ் பெட்டை இடக்கையாலையோ ஏடு தொடங்கப் போகுது?"

"டீச்சர் ஒண்டும் சொல்லாவாம்."

"அவவுக்கு இதுகள் தெரிஞ்சால்தானே சொல்லுறதுக்கு."

அன்றைக்கு என் தேத்தண்ணி முடிந்திருந்தது. "பொறுத்துப் பாருங்கோ" என்று மட்டும் சொன்னேன். மனதுக்குள் படமே ஓடிவிட்டது. விழா மண்டபம். ஆரணி வலக்கையால் எழுதுகிறாள். சனம் வாயடைத்து நிற்கிறது. நீங்கள் திரும்பி என்னைப் பார்க்கிறீர்கள். நான் ஒன்றும் நடக்காதது போல நிற்கிறேன். உங்கள் மானத்தைக் காப்பாற்றிய ஆள் நான். இருநூறு பிள்ளைகளின் கதை அன்றைக்கு உண்மையாகிவிடும். உங்களுக்காகச் செய்தேன் என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லி வந்தேன். பாதி உங்களுக்காகத்தான். மற்றப் பாதி எதற்கு என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் வந்து சேர ஒன்பது ஐம்பது ஆகும். எனக்கு அரை மணித்தியாலம் கையில் இருந்தது. மற்றப் பிள்ளைகளை முற்றத்தில் ஓட விட்டுவிட்டு ஆரணியை வகுப்புக்குள் இருத்துவேன். மனுசியின் பின்னல் பையில் இருந்து ஒரு முழம் சிவப்புக் கம்பளி நூல் எடுத்து வைத்திருந்தேன். அவளுடைய இடக்கை மணிக்கட்டில் ஒரு சுற்று. மற்ற முனை கதிரையின் முதுகில். இறுக்கமாக இல்லை. நோகாது.

"டீச்சருக்கு சர்ப்பிரைஸ். ஓமோ?" என்றேன்.

"ஓகே மாமா."

மூன்று சனிக்கிழமை. அவள் அழவில்லை. அழுதிருந்தால் விட்டிருப்பேன் என்று சொல்லிச் சொல்லியே இத்தனை காலத்தைக் கடத்தினேன். ஆனால் இரண்டாம் கிழமை அவள் வானில் பாடவில்லை. மூன்றாம் கிழமை, நான் நூலை எடுக்க முதலே கையைத் தானாகப் பின்னால் கொண்டு போய் வைத்தாள். பிள்ளைக்கு ஒழுக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன் டீச்சர். அப்படித்தான் நினைத்தேன்.

விழா நாளும் சனிக்கிழமையாகவே அமைந்தது. கடைசியாக ஒருதரம் பழக்குவோம் என்று விழா நாளில் வகுப்பு இல்லை என்று போன கிழமை நீங்கள் அலுமாரியில் விட்டுப் போன ரவை டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தபோது விறாந்தையில் உங்கள் சப்பாத்துச் சத்தம். அவசரத்தில் நூலை அவிழ்த்து, போட வேறு இடமில்லாமல் ரவைக்குள் புதைத்து மூடியைப் போட்டேன்.

மண்டபத்தில் ஐந்நூறு சனம் என்று மற்ற இடங்களில் சொல்வேன். எண்பது பேர். பாய் விரித்து நீங்கள் தாம்பாளத்துக்கு முன்னால் இருந்தீர்கள், பிஸ்தாப் பச்சைச் சேலை. தேவாரம் பாடுவதற்கு வைத்த மைக் பக்கத்திலேயே நின்றது. ஒருவரும் அதை நிற்பாட்டவில்லை. ஆரணி வந்து சம்மணம் கட்டி இருந்தாள். "எழுதுடா கண்ணு" என்றீர்கள்.

அவள் வலக்கையை நீட்டினாள். விரல் அரிசிக்கு மேலே நின்றது. இறங்கவில்லை. சனம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் பிள்ளை இடக்கை மணிக்கட்டை உங்களுக்கு முன்னால் நீட்டிச் சொன்னாள்:

"டீச்சர், யூ ஹாவ் டு டை இட் ஃபர்ஸ்ட்."

முதலில் கையைக் கட்ட வேண்டும் என்று. மைக் அதை எண்பது பேருக்கும் சொல்லிவிட்டது. பிள்ளை ஆரைப் பார்த்துச் சொன்னதோ அவர்தான் கட்டுகிறவர் என்று சனம் எடுத்துக்கொண்டது. தகப்பன் பாய்ந்து வந்து அவளைத் தூக்கினார். "பிள்ளையின்ரை கையைக் கட்டிப் போட்டோ படிப்பிக்கிறியள்?" நான் சுவரோடு நின்றேன். அரிசியில் ஒரு கோடும் விழவில்லை.

அடுத்த சனிக்கிழமை நம்முடைய வகுப்பறையிலேயே விசாரணை. அதிபர், ஆரணியின் தகப்பன், நிர்வாகத்தில் இருவர், நீங்கள், நான். எல்லாரும் அந்தக் குட்டிக் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட. ஆரணியை ஒருவரும் கேட்கவில்லை. பெரியவர்கள் பெரியவர்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"ஆர் கட்டினது?" என்றார் அதிபர்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஒருதரம்தான். கோபமாக இல்லை. இருபது பிள்ளைகளில் ஒன்று எழுதத் தெரியாமல் நிற்கும்போது பார்ப்பீர்களே, அவசரம் இல்லை, மெதுவாக எழுது என்பது போல, அந்தப் பார்வை.

அதிபரும் என் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்களும் வகுப்பிலை நிக்கிறனீங்கள். என்ன நடந்தது?"

"நான் வான் நிப்பாட்ட இடம் தேடித் திரியிறனான். உள்ளுக்கை நடக்கிறது எனக்குத் தெரியாது."

வாழ்நாளெல்லாம் செய்யாததைச் செய்தேன் என்று சொன்ன வாய். செய்ததைச் செய்யவில்லை என்று அன்றைக்குத்தான் சொன்னது.

நிர்வாகத்தில் ஒருவர், "மலேசியாவிலை இப்பிடித்தானோ பழக்கிறவை?" என்றார். நீங்கள் அந்தக் குட்டிக் கதிரையில் இருந்து எழும்பினீர்கள். "என் வகுப்புல நடந்திருக்கு. நான் பார்த்திருக்கணும். பார்க்கலை. இனி நான் வரலீங்க" என்றீர்கள். அவ்வளவுதான்.

வாசலில் உங்களுக்குப் பின்னால் ஓடி வந்தேன். என்ன சொல்ல ஓடி வந்தேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் டின்னை என் கையில் வைத்தீர்கள்.

"பிள்ளைங்களுக்கு வாரா வாரம் வறுங்கண்ணே. இல்லாட்டி பூச்சி வந்துடும்."

"டீச்சர்..."

"பேப்பரைப் பிடிங்க. அது போதும்."

வீட்டுக்கு வந்து திறந்தேன். ரவைக்கு மேலே அந்தச் சிவப்பு நூல். கழுவி, காயவைத்து, ஒரு சின்னப் பென்சில் துண்டில் ஒழுங்காகச் சுற்றி வைத்திருந்தது. முந்தின நாள் வெள்ளிக்கிழமை ரவை வறுக்கக் கொட்டும்போது கண்டிருப்பீர்கள். என் மனுசி பின்னிக் கொடுத்த சிவப்புக் கம்பளித் தொப்பியை நான் முந்தின குளிர்காலம் முழுக்கப் போட்டுத் திரிந்ததை நீங்கள் பார்க்காமலா? ஆக, விசாரணைக்கு வரும்போதே உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த ஒருதரம் பார்த்தீர்கள். நான் எழுதுவேனா என்று.

உங்களிடம் வந்து சொல்ல வேண்டும் என்று நினைக்காத மாதம் இல்லை. இந்த நகரத்தில் எந்தச் சந்திலும் கண்ணை மூடிக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கிற சாரதி நான். ஃபாரஸ்ட் கேட்டில் இருந்து ஸ்ட்ரெதத்துக்கு வர எனக்கு வழி கிடைக்கவில்லை. ஸ்ட்ராட்போர்ட் பக்கம் ஒலிம்பிக்குக்காக இடிக்கிறார்கள், ரோடெல்லாம் மறிப்பு என்றேன். ஆற்றுக்கு அடியில் போகிற சுரங்கப் பாதையில் நெரிசல் என்றேன். ஒருதரம் வந்தேன், அது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பஸ் தரிப்பிடத்தில் இரண்டு கடைப்பைகளோடு நின்றீர்கள், தலைமயிர் நன்றாக நரைத்து. வானை மெதுவாக்கினேன். பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். அந்த ஹோர்னைச் சாட்டாக வைத்துப் போய்விட்டேன். ஏற்றி வீட்டில் விட்டிருக்கலாம். கடைப்பைகளையாவது தூக்கியிருக்கலாம்.

நேற்றுப் பெற்றார் கூட்டம். வான் கட்டணம் பற்றிக் கதைத்து முடிந்ததும் நான் எழும்பினேன். "இன்னொரு கதை இருக்கு" என்றதும், இவர் கதை தொடங்கினால் முடியாது என்று நாலு பேர் கோட்டை எடுத்தார்கள்.

"நாலு வருசத்துக்கு முதல் ஆரணி எண்ட பிள்ளையின்ரை கையைக் கட்டினது நான். டீச்சர் இல்லை. டீச்சருக்குத் தெரியாது. நான் பொய் சொன்னனான்."

அவ்வளவுதான். ஒரு சொல் கூட்டவில்லை. இப்படி ஒரு கதையை நான் சொன்னதே கிடையாது.

மண்டபத்தில் ஒன்றும் நடக்கவில்லை டீச்சர். இருந்தவர்களில் முக்கால்வாசி புதுப் பெற்றார். "எந்த டீச்சர்?" என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். அதிபர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இப்ப ஏன் அண்ணை பழசை" என்றார். மலேசியாவில் இப்படித்தானோ என்று கேட்ட மனிதர் ஹவுன்ஸ்லோவுக்கு வீடு மாறிப் போய்விட்டாராம். நாலு வருடம் காவித் திரிந்த சுமையை இறக்கி வைக்கப் பார்த்தால் வாங்கி வைக்க ஆளில்லை.

அங்கிருந்து நேரே ஆரணி வீட்டுக்குப் போனேன். தகப்பன் வேலைக்குப் போயிருந்தார். தாய் குசினியில் நின்றபடி கேட்டாள், கையில் இருந்த துவாயை மடித்து மடித்து. முடிந்ததும், "அண்ணை, நாங்கள் உங்களை எங்கட ஆள் எண்டெல்லோ நினைச்சனாங்கள்" என்றாள். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். "டீச்சர் மூண்டு கடிதம் போட்டவ. இரண்டை உடைக்காமலே எறிஞ்சிட்டன். மற்றது எங்கையோ கிடக்கு." லாச்சிகளை இழுத்து இழுத்துத் தேடி, பழைய தொலைபேசிப் புத்தகத்துக்குள் இருந்து எடுத்து வந்தாள். உள்ளே கடிதம் இல்லை. ஒரு புள்ளித் தாள். 'அ' மூன்று வரிசை, 'ஆ' மூன்று வரிசை. மேல் மூலையில் பென்சிலால் உங்கள் எழுத்து: "தாளின் தலையை வலப்பக்கம் சரித்துப் பிடிக்கவும்."

ஆரணிக்கு இப்போது ஒன்பது வயது. இங்கிலீஷ் எழுத்து முத்து முத்தாக, இடக்கையால். தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. அந்த விஜயதசமிக்குப் பிறகு அவளை ஒரு தமிழ் வகுப்புக்கும் அனுப்பவில்லை. தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "திஸ் இஸ் ஃபார் பேபீஸ், மாமா" என்றாள்.

"ஓம் பிள்ளை. உனக்கு வந்ததுதான். வரக் கொஞ்சம் பிந்திப் போச்சு."

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தோளைக் குலுக்கினாள். "ஐ ரிமெம்பர் த ரெட் ஸ்ட்ரிங்" என்றாள். சிவப்பு நூல் நினைவிருக்கிறதாம்.

பிறகு ஒரு பேனையை எடுத்தாள். குனியாமல், நின்றபடியே, முதல் 'அ'வின் முதல் புள்ளியில் வைத்தாள். வழுவழுப்பான மேசை, தாள் சுழன்றது. டீச்சர், என் கை அவளுடைய கையை நோக்கித்தான் முதலில் எழும்பியது. அந்தப் பழக்கம் சாகாது. அதை மறித்து, இரண்டு விரலைத் தாளின் மூலையில் வைத்து, தலைப் பக்கத்தை வலப்பக்கம் சரித்துப் பிடித்தேன். அவள் வளைத்து, சுழித்து, கீழே இழுத்து முடித்தாள். ஒரேயொரு 'அ'. அதற்குள் தாய் நேரத்தைப் பார்த்து, "ஸ்விம்மிங்குக்கு லேட்" என்றாள். ஆரணி பேனையை மூடிவிட்டு ஓடிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறாயா என்று கேட்க வாய் வரவில்லை.

தாளைத் தரும்படி கேட்டு வாங்கி வந்தேன். இப்போது என் முன்னால் குசினி மேசையில் கிடக்கிறது. ஓர் எழுத்து பேனையில், மிச்சம் எல்லாம் உங்கள் புள்ளியில். என்னைத் தெரியும்தானே, கை துறுதுறுக்கிறது. ஒரு பென்சில் எடுத்தால் ஐந்து நிமிடத்தில் ஆறு வரிசையையும் முடித்து, பிள்ளைதான் எழுதினாள் என்று ஊரெல்லாம் காட்டித் திரிவேன். அச்சுப் போல இருக்கும். ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

தொடவில்லை டீச்சர். வானில் சாரதிப் பக்கத்து வெயில் மறைப்பில் செருகி வைக்கப் போகிறேன். கேட்டு வந்தால் அவளுக்குக் கொடுக்க. வராவிட்டால் அப்படியே இருக்கட்டும்.

மனுசி கடையில் இருந்து புது ரவை வாங்கி வந்து வைத்திருக்கிறாள். தாச்சியைத் தேய்த்துக் கழுவியாயிற்று. வெள்ளிக்கிழமை வரட்டும்.

இப்படிக்கு,
பேப்பர் பிடிக்கிற வான் மாமா